பழைய சட்டையும் சாய்சதுரமும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குச் செல்பவர்கள் மரக்காணத்தருகே உப்பளங்களைப் பார்த்திருப்பார்கள். வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல்கள், கண்ணாடிபோல் பளபளக்கும் பாத்திகள், அவற்றின் நடுவே நீண்ட கைப்பிடி கொண்ட பலகையால் உப்பை வாரிச் சேர்க்கும் ஆண்களும் பெண்களும். அந்தப் பெண்களில் பலர் புடவைக்கு மேல் ஆண்கள் அணியும் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டிருப்பார்கள். கொளுத்தும் வெயிலில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏன் இத்தனை துணி? பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்து நானும் பல ஆண்டுகள் இப்படித்தான் வியந்திருக்கிறேன்.

காரணம் எளியது. உப்பளத்தில் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. வெண்மையான உப்புப் பரப்பு தன்மேல் விழும் ஒளியில் பெரும் பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. குடை பிடித்தாலும், தலையில் துண்டு போட்டாலும், கீழிருந்து வரும் ஒளி முகத்தையும் கைகளையும் சுட்டுவிடும். தெறிக்கும் உப்புநீர் வேறு தோலில் காய்ந்து அரிக்கும். ஆகவே மணிக்கட்டுவரை மூடிய சட்டை ஒரு கவசம் ஆகிறது. புதுச்சட்டையை உப்புநீருக்கு யார் பலி கொடுப்பார்கள்? வீட்டு ஆண்கள் போட்டுக் கழித்த சட்டையே அங்கே போகிறது.

2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களோடு மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்துக்குச் சென்றிருந்தேன். கடலோர மீனவர் குடியிருப்பு அது. அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் காலால் மிதிக்கும் தையல் இயந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டிக்கொண்டிருந்த அம்மையாருக்கு ஐம்பது வயதிருக்கும். பழைய சட்டைகளை உப்பளத்துக்குப் போகும் பெண்களின் உடலுக்கு ஏற்றபடி வெட்டித் தைத்துக் கொடுப்பது அவர் தொழில். மிஞ்சும் துணியில் குழந்தைகளுக்கு ஜட்டியும் பாவாடையும் தைப்பார். அந்தத் திண்ணையில்தான், இருபது ஆண்டுகளாக இயற்பியல் கற்பிக்கும் நான், ஒரு பாடம் கற்றுக்கொண்டேன்.

என் ஆலோசனையும் அதன் விளைவும்

அந்த அம்மையார் ஒரு குறையைச் சொன்னார். உப்பு வாருகிறவர்கள் இரு கைகளையும் முன்னே நீட்டிப் பலகையை இழுக்கிறார்கள். பிறகு கூடையைத் தலைக்கு மேல் தூக்குகிறார்கள். ஆண்களின் சட்டையைப் பெண்களின் அளவுக்குக் குறுக்கித் தைத்தால் அக்குள் இறுகுகிறது. பத்து நாளில் அந்த இடம் விட்டுப்போகிறது. உப்புநீர் நேராக அந்தக் கிழிசலில் பட்டுப் புண்ணாகிறது. புண் வந்தால் வேலைக்குப் போக முடியாது. அன்றைய கூலி போயிற்று.

நான் உடனே மருந்து எழுதிக் கொடுத்துவிட்டேன்! "நைலான் நூல் போடுங்கள் அம்மா; தையலை நெருக்கமாகப் போடுங்கள்; இரண்டு வரி ஓட்டிவிடுங்கள்" என்றேன். வலிமையான நூல், எண்ணிக்கையில் அதிகத் தையல், ஆகவே வலிமையான இணைப்பு. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

மூன்று மாதம் கழித்துச் சென்றபோது அவர் ஒரு சட்டையை எடுத்துக் காட்டினார். நைலான் தையல் ஒரு கண்கூட விடவில்லை. ஆனால் தையலை ஒட்டியே, அளவுகோல் வைத்து வெட்டியதுபோல, துணி ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. "நூல் நல்லாத்தான் சார் இருக்குது. துணிதான் இல்ல" என்றார் சிரித்துக்கொண்டே.

நான் எங்கே தவறினேன்? அஞ்சல் தலைத் தாளை நினைத்துப் பாருங்கள். தலைகளை எளிதில் பிரிப்பதற்காக அவற்றின் நடுவே வரிசையாகத் துளையிட்டிருப்பார்கள். நெருக்கமாகத் தைப்பது என்பது பழந்துணியில் அப்படி ஒரு துளை வரிசையைப் போடுவதுதான். புதுத்துணியில் ஊசி நூலிழைகளை ஒதுக்கிக்கொண்டு நுழையும். நைந்த துணியிலோ இழைகளைக் குத்தி அறுத்துவிடும். போதாக்குறைக்கு, எளிதில் அறாத நைலான் நூல் ஒவ்வோர் இழுப்பிலும் கத்திபோல் அந்தத் துளைகளில் பதிகிறது.

உங்கள் வீட்டு மின்சார இணைப்பில் ஃப்யூஸ் கம்பி ஏன் மெலிதாக இருக்கிறது? கேடு நேரும்போது அது முதலில் உருகிச் சுவருக்குள் ஓடும் கம்பியைக் காப்பாற்றவேண்டும் என்பதற்காக. தையல் நூலும் அப்படித்தான் இருக்கவேண்டும். அது துணியைவிடச் சற்றே வலிமை குறைந்ததாக இருப்பது நல்லது. தையல் விட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடி போட்டுவிடலாம். துணி கிழிந்தால் சட்டையே போயிற்று. பள்ளியில் ஃப்யூஸ் பற்றிப் பாடம் எடுத்தவனுக்கு இது தோன்றவில்லை பாருங்கள். பழந்துணிக்குப் பருத்தி நூல், மெல்லிய ஊசி, அங்குலத்துக்குப் பத்துத் தையல் அளவில் தளர்வான ஓட்டம் ஆகியவையே போதும்.

துணி கிழிவது ஏன் இவ்வளவு எளிது?

இங்கே இன்னொரு வினா எழுகிறது. துணிக்கடையில் கடைக்காரர் கத்தரியால் சிறிதாக ஒரு வெட்டு வெட்டிவிட்டு, இரு கைகளாலும் பிடித்துச் சர்ரென்று கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே துணியின் இரு முனைகளையும் பிடித்து நேராக இழுத்து அறுக்கச் சொல்லுங்கள், பயில்வானாலும் முடியாது.

ஒரு சென்டிமீட்டருக்கு 25 நூல்கள் உள்ள துணியில் 4 சென்டிமீட்டர் அகலமுள்ள பட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 100 நூல்கள் உண்டு. ஒவ்வொரு நூலும் 200 கிராம் எடையைத் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், பட்டையை நேராக இழுக்கும்போது 100 நூல்களும் கைகோத்து நின்று 20 கிலோகிராம் எடையைத் தாங்கும். கிழிக்கும்போது நிலைமை வேறு. வெட்டின் முனையில் இருக்கும் ஒன்றிரண்டு நூல்கள்மேல் மட்டும் முழு விசையும் விழுகிறது. அவை அறுந்ததும் அடுத்த இரண்டின் முறை வருகிறது. நூறு பேர் கொண்ட படையை ஒருவர் பின் ஒருவராகத் தனியே அழைத்து வெல்வது போன்றது இது. சில நூறு கிராம் விசையே போதும்.

பழைய உடையைப் பிரித்துப் புதிதாகத் தைக்க முனைகிறவர்கள் இதை மனத்தில் வைக்கவேண்டும். முதலில் துணியைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நைந்த இடங்கள் சல்லடைபோல் ஒளிவிடும். கழுத்துப்பட்டை மடிப்பு, முழங்கை, தோள், உட்காருமிடம் ஆகியவை முதலில் போகும். கால்சட்டைக்குள் செருகியிருக்கும் சட்டையின் கீழ்ப்பகுதி, பையின் அடியில் மறைந்திருக்கும் பகுதி, புடவையின் உட்சுற்று ஆகியவை வெயிலும் உராய்வும் படாமல் ஏறக்குறையப் புதிதாகவே இருக்கும். புதிய உடையில் அதிக இழுப்பு வரும் இடத்துக்கு இந்தப் பகுதிகளை வெட்டிவைக்கவேண்டும். சிறு ஓட்டை இருந்தால் அதைச் சுற்றி இழையோட்டிய பிறகே வெட்டத் தொடங்குங்கள். இல்லையேல் அதுவே கடைக்காரரின் கத்தரி வெட்டாகிவிடும்.

பழந்துணிக்கு ஒரு தனிச் சிறப்பும் உண்டு. ஆலையிலும் தறியிலும் நூல் இழுபட்ட நிலையிலேயே நெய்யப்படுகிறது. முதற் சில சலவைகளில் அந்த இழுவிசை தளர்ந்து துணி சுருங்கும். பலமுறை துவைத்த துணியோ சுருங்கவேண்டியதெல்லாம் சுருங்கி அடங்கிவிட்டது. ஆகவே பழையதோடு புதுத்துணியை இணைக்க நேர்ந்தால் புதியதை முதலில் நனைத்துக் காயவைத்து எடுங்கள். மறந்தால் முதல் சலவையிலேயே புதிய ஒட்டு சுருங்கிப் பழைய துணியைப் பிடித்து இழுக்கும். ஒட்டைச் சுற்றி மறுபடி கிழிசல்தான்.

சாய்சதுரம்

சரி, அக்குள் பிரச்சினைக்கு அந்த அம்மையார் என்ன தீர்வு கண்டார்? கிழிந்த சட்டையின் கீழ்ப்பகுதியிலிருந்து 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத் துண்டை வெட்டினார். அக்குளில் உடற்பகுதியும் கையும் சேரும் இடத்தைப் பிரித்து, அந்தச் சதுரத்தை வைரம்போல் முனை மேலும் கீழும் இருக்கும்படி வைத்துத் தைத்தார். "நேர்த்துணியா வெச்சா புடிக்கும் சார். கிராஸா நின்னாத்தான் கையத் தூக்கச்சொல்ல வளைஞ்சு குடுக்கும்" என்றார்.

தையற்காரர்கள் 'கிராஸ்' என்று சொல்வதன் பொருளை அறியக் கைக்குட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரெதிர்ப் பக்கங்களைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். நீளவே நீளாது. இப்போது எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள். ரப்பர்போல் நீள்கிறதல்லவா? அதே நேரத்தில் நடுப்பகுதி குறுகிவிடுவதையும் கவனியுங்கள். ஒரே துணி, ஒரே நூல். திசை மாறியதும் குணம் மாறுகிறது.

நெசவில் நீளவாட்டில் ஓடும் நூல் பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. பக்கவாட்டில் இழுக்கும்போது பாவு நூல்களையோ ஊடை நூல்களையோ நேராக இழுக்கிறோம். பருத்தி நூல் தன் நீளத்தில் நூற்றுக்கு ஆறேழு பங்கு நீள்வதற்குள் அறுந்துவிடும். மூலைவாட்டில் இழுக்கும்போது நூல் எதுவும் நீளவேண்டியதில்லை. பாவும் ஊடையும் தமக்கிடையே உள்ள செங்கோணத்தை மட்டும் மாற்றிக்கொண்டு திரும்புகின்றன. கடைகளின் மடக்குக் கதவில் இரும்புப் பட்டைகள் நீளாமலே கதவு விரிகிறதே, அந்த விந்தைதான்.

நான்கு தென்னை ஈர்க்குச்சிகளைச் சம நீளமாக நறுக்கி, முனைகளைத் தளர்வாக நூலால் கட்டி ஒரு சதுரம் செய்து பாருங்கள். எதிர் மூலைகளை இழுத்தால் சதுரம் சாய்சதுரமாகும். பக்கம் 10 சென்டிமீட்டர் என்றால் சதுரத்தின் மூலைவிட்டம் 14.1 சென்டிமீட்டர். செங்கோணம் 75 பாகையாகக் குறைந்தால் நெடு மூலைவிட்டம் 2 × 10 × கொசைன் 37.5 பாகை, அதாவது 15.9 சென்டிமீட்டர் ஆகும். 60 பாகைவரை சாய்ந்தால் 17.3 சென்டிமீட்டர். ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் கூடுதல்! அதே நீளமுள்ள நேர்த்துணி ஒரு சென்டிமீட்டர் நீள்வதற்குள் திணறிப்போகும். கையை உயர்த்தும்போது இடுப்பிலிருந்து முழங்கை நோக்கி இழுப்பு ஏற்படுகிறது. வைரம்போல் வைத்த துண்டின் மூலைவிட்டம் சரியாக அந்தத் திசையில் அமைகிறது. கை தாழ்ந்ததும் சாய்சதுரம் மீண்டும் சதுரமாகிறது. இன்னொரு நயமும் இதில் உண்டு. துண்டின் நான்கு பக்கங்களும் நேர்த்துணி. ஆகவே தைக்கும்போது ஓரம் இழுபட்டுக் கோணாது. நீளும் திசை மட்டுமே கிராஸ்.

வடநாட்டுக் குர்த்தாக்களின் அக்குளில் இத்தகைய துண்டு நெடுங்காலமாக வைக்கப்படுகிறது. பாரிஸ் நகரத்து உடை வடிவமைப்பாளர் மதலென் வியோனே என்ற அம்மையார் 1920-களில் முழு உடைகளையே கிராஸாக வெட்டித் தைத்துப் புகழ் பெற்றார். நம் ஊர்த் தையற்கடைகளில் ரவிக்கையின் கழுத்து வளைவுக்குக் கிராஸ் பட்டி வைப்பதும் இதே தத்துவம்தான். நேர்ப்பட்டி வளைவில் படியாது, சுருங்கி எழும்பும்.

பழைய உடையை வெட்டும்போது நாம் செய்யும் பெரும் பிழை இங்கேதான் நேர்கிறது. துணி குறைவாக இருப்பதால், எப்படிப் போட்டால் துண்டு அமைகிறதோ அப்படிப் போட்டு வெட்டிவிடுகிறோம். ஒரு கால் நேர்த்துணியாகவும் மறு கால் கிராஸாகவும் அமைந்த கால்சட்டை இரண்டாம் சலவையில் ஒரு பக்கம் தொங்கிப் பல்லிளிக்கும். வெட்டுமுன் ஓர் ஓரத்தில் ஒரு நூலை உருவிப் பாருங்கள். அது போகும் வழியே பாவின் அல்லது ஊடையின் திசை. அதற்கு இணையாகச் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டு பிறகு கத்தரியை எடுங்கள்.

தையல் பிரிக்கும் கணிதம்

பழையதைப் புதிதாக்க முதல் வேலை பிரிப்பது. தையல் இயந்திரத்தின் தையலில் இரு நூல்கள் உண்டு. மேல்நூல் ஊசியிலிருந்து வருகிறது. கீழ்நூல் பாபினிலிருந்து வருகிறது. இரண்டும் துணியின் நடுவில் ஒன்றையொன்று வளைத்துப் பூட்டிக்கொள்கின்றன. ஒரு முனையைப் பிடித்து முழுத் தையலையும் உருவ முயன்றால் உருவ வராது. துணி சுருங்கி நூல் அறும்.

ஏன் என்பதை எக்கியார்குப்பத்துக் கரையிலேயே காணலாம். படகின் கயிற்றை ஒரு முளையில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு மறுமுனையைச் சிறு பையன்கூடப் பிடித்து நிற்பான், படகு அசையாது. கயிறு முளையைச் சுற்றச் சுற்ற உராய்வு கூட்டிக்கொண்டே போவதில்லை, பெருக்கிக்கொண்டே போகிறது. உராய்வு எண் 0.3 என்று கொண்டால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 6.6 மடங்கு. இரண்டு சுற்றுக்கு 43 மடங்கு. மூன்று சுற்றுக்கு 285 மடங்கு! பையன் ஒரு கிலோகிராம் அளவுக்கு இழுத்தால் மறுபுறம் 285 கிலோகிராம் இழுப்பைத் தாங்கிவிடலாம்.

தையலில் ஒவ்வொரு பூட்டிலும் நூல் மற்ற நூலை அரைச் சுற்று வளைக்கிறது. அரைச் சுற்றுக்குச் சுமார் 2.6 மடங்கு. நான்கு தையலுக்கு அது 43 ஆகிறது. ஐந்துக்கு 110-ஐத் தாண்டுகிறது. எனவே பத்துத் தையலை ஒருசேர உருவ எண்ணுவது வீண். ஒரு பக்கத்து நூலை மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே போங்கள். பிறகு மறுபக்கத்து நூலைப் பிடித்து இழுத்தால் வெண்ணெயில் கத்திபோல் வந்துவிடும். துணிக்கு ஒரு காயமும் இராது. தேர்ந்த தையற்காரர்கள் செய்வது இதுதான். அவர்களுக்கு மடக்கைக் கணிதம் தேவைப்படவில்லை.

அரிசி, சிமெண்டு, உப்பு மூட்டைகளின் வாயில் போடும் இயந்திரத் தையலைக் கவனித்திருக்கிறீர்களா? சரியான முனையைப் பிடித்து இழுத்தால் முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும். அது சங்கிலித் தையல். ஒவ்வொரு கண்ணையும் அடுத்த கண் மட்டுமே பிடித்திருக்கிறது. கடைசிக் கண்ணை விடுவித்தால் எல்லாம் அவிழும். பிரெஞ்சுத் தையற்காரர் தீமொன்னியே 1830-இல் உரிமம் பெற்ற இயந்திரம் சங்கிலித் தையல்தான் போட்டது. தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய பாரிஸ் தையற்காரர்கள் அவருடைய இயந்திரங்களை உடைத்து நொறுக்கினர். இரு நூல் பூட்டுத் தையலுக்கு அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-இல் உரிமம் பெற்றார். ஊசியின் காதைக் கூர்முனையருகே வைத்ததுதான் அதன் உயிர்நாடி. 1851-இல் ஐசக் சிங்கர் தம் இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். அது வீடுதோறும் பரவியது. இயந்திரங்கள் மனிதனை அடிமையாக்குவதை எதிர்த்த காந்தியடிகள்கூட 1924-இல் ஓர் உரையாடலில் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்கு அளித்தார்; மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் காணப் பொறாமல் பிறந்த கருவி அது என்பது அவர் அளித்த விளக்கம்.

எந்தத் துணி எதற்கு?

உப்பளச் சட்டைக்கு எந்தத் துணி ஏற்றது என்பதை முன்பே தேர்ந்துகொள்ளவேண்டும். 100 கிராம் உலர்ந்த பருத்தி, நடுத்தர ஈரப்பதமுள்ள காற்றிலிருந்து மட்டுமே சுமார் 8 கிராம் நீரை ஈர்த்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை கிராம்கூட ஈர்ப்பதில்லை. பருத்தி வியர்வையை உறிஞ்சிப் பரப்புகிறது. காற்று அதை ஆவியாக்குகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். 30 பாகை செல்சியசில் உள்ள 8 லிட்டர் நீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் அது! அவ்வளவும் உடலிலிருந்தும் அதைச் சுற்றியும்தான் எடுத்துக்கொள்ளப்படுகிறது. வியர்வை சொட்டி மண்ணில் விழுந்துவிட்டால் இந்தப் பயன் இல்லை.

பழைய துணி என்ன இழை என்று அறிய ஒரு நூலை உருவிச் சோதிக்கலாம். பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, நூலை இடுக்கியால் பிடித்து, கீழே தண்ணீர்த் தட்டு வைத்துத் தீயில் காட்டுங்கள். காகிதம் எரியும் நாற்றத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலானால் பருத்தி. உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நின்றால் பாலியெஸ்டர். இரண்டும் கலந்து தெரிந்தால் டெரிகாட்டன். முழுப் பாலியெஸ்டர் சட்டைகளைப் பைகளாகத் தைத்துவிடலாம். அவை எளிதில் நையா.

பழந்துணியைக் காப்பது வறுமையின் அடையாளம் என்று நினைக்கும் மாணவர்கள் உண்டு. வங்காளத்துப் பெண்கள் பழம் புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி, ஓட்டுத் தையலால் இணைத்துச் செய்யும் 'காந்தா' போர்வைகள் அருங்காட்சியகங்களில் இடம்பெற்றுள்ளன. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1941 சூனில் தொடங்கி 1949 வரை துணிக்குப் பங்கீடு இருந்தது. பழையதைத் திருத்தித் தைப்பது எப்படி என்று அந்த அரசே 1943-இல் ஒரு சிறு நூலை வெளியிட்டது. நடுவில் நைந்த படுக்கை விரிப்பை நீளவாட்டில் இரண்டாக வெட்டி, நல்லதாயிருக்கும் ஓரங்களை நடுவில் சேர்த்துத் தைக்கும் வழக்கம் அங்கே வீடுதோறும் பரவியிருந்தது. இன்று பங்கீடு இல்லை. ஆனால் ஒரு கிலோகிராம் பருத்தித் துணிக்கு, செடி வளர்ப்பது முதல் சாயம் ஏற்றுவது வரை, உலகச் சராசரியாக ஏறத்தாழ 10,000 லிட்டர் நீர் செலவாகிறது என்று கணக்கிட்டுள்ளார்கள். நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு காத்து நிற்கும் ஊரில் இந்த எண்ணுக்கு விளக்கவுரை தேவையில்லை.

காயாத சட்டை

கடைசியாக ஒன்று. உப்பளத்திலிருந்து வரும் சட்டை வெயிலில் மொரமொரவென்று காய்ந்தாலும், இரவில் மடித்துவைத்தால் காலையில் நசநசத்துக் கிடக்கும். அப்படியே தைத்தால் ஊசியும் பாபினும் துருப்பிடிக்கும். "ஏன் சார் இப்படி?" என்று அம்மையார் கேட்டார். இம்முறை அவசரப்படாமல் யோசித்துச் சொன்னேன்.

கடல்நீரில் சாதாரண உப்பு மட்டும் இல்லை. மெக்னீசியம் குளோரைடும் உண்டு. பாத்தியில் உப்பு படிந்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரில் அது செறிந்திருக்கிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால்தான் நீரை ஈர்த்துக் கசியத் தொடங்கும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 போதும். கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே அந்தச் சட்டை இரவும் பகலும் காற்றிலிருந்து நீர் குடித்துக்கொண்டே இருக்கும். அலசி வெளியேற்றுவது ஒன்றே வழி.

எவ்வளவு நீரில் அலசுவது? பிழிந்த பின்னும் துணிகள் ஒரு லிட்டர் உப்புநீரைத் தம்முள் வைத்திருக்கின்றன என்போம். 27 லிட்டர் நல்ல தண்ணீரை ஒரே தொட்டியில் ஊற்றி அலசினால் மொத்தம் 28 லிட்டர். பிழிந்தபின் துணியில் தங்குவது 28-இல் ஒரு பங்கு உப்பு. அதே 27 லிட்டரை 9 லிட்டராக மூன்று வாளியில் பிரித்து, ஒவ்வொன்றிலும் அலசிப் பிழிந்தால்? முதல் வாளியில் பத்தில் ஒன்று தங்கும். இரண்டாவதில் நூறில் ஒன்று. மூன்றாவதில் ஆயிரத்தில் ஒன்று. தண்ணீர் ஒரு துளிகூடக் கூடவில்லை. துணியில் தங்கும் உப்போ முன்னதைவிட ஏறக்குறைய 36 மடங்கு குறைவு. சிலேட்டில் இதைப் போட்டுக் காட்டியபோது எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது.

அம்மையார் பொறுமையாகக் கேட்டார். பிறகு கொல்லைப்புறத்துக்கு அழைத்துப் போய் வரிசையாக வைத்திருந்த மூன்று வாளிகளைக் காட்டினார். "மூணாவது வாளித் தண்ணிய நான் கொட்டுறதில்ல சார். அடுத்த ஈடு சட்டைக்கு அது ரெண்டாவது தண்ணி. அதுக்கு அடுத்த ஈட்டுக்கு அதே முதல் தண்ணி. அப்பறந்தான் கீழ ஊத்துவேன்" என்றார். ஒவ்வொரு ஈட்டுக்கும் அவர் புதிதாக எடுப்பது ஒரே ஒரு வாளி. வேதித் தொழிற்சாலைகளில் இதற்கு எதிரோட்ட முறை என்று பெயர். துணி ஒரு திசையில் நகர, நீர் அதற்கு எதிர்த் திசையில் நகர்கிறது. மூன்று வாளிகளும் பல ஈடுகள் கண்டு நிலைபெற்ற பிறகு, கடைசி வாளியிலிருந்து வெளிவரும் துணியில் எத்தனையில் ஒரு பங்கு உப்பு இருக்கும்? ஒவ்வொரு வாளியிலும் 9 லிட்டர், துணியில் ஒரு லிட்டர் என்றே வைத்துக்கொண்டு நீங்கள் கணக்கிட்டுப் பாருங்கள். எனக்குக் கிடைத்த விடை 820-இல் ஒரு பங்கு.